மகனை இழுத்துக்கொண்டு கடலில் நீந்திய தகப்பன்!

கடலில் 3.8 கிலோ மீட்டர் நீச்சல். கரை ஏறியதும் சைக்கிளில் 180 கிலோ மீட்டர். சைக்கிளை விட்டு இறங்கியதும் 42 கிலோ மீட்டர் ஓட்டம்.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். காலை 7 மணி வாக்கில் தண்ணீரில் குதித்தால், நள்ளிரவுக்குள் ஓடி வந்து கோட்டைத் தொட வேண்டும். மொத்தம் 17 மணி நேரம்தான் கெடு. ஒரு நிமிடம் பிந்தினாலும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

180 கிலோ மீட்டர் என்பது பஸ்சில் உட்கார்ந்து போனாலே நாலு மணி நேரம் பிடிக்கிற தூரம். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம். இந்த ஆட்கள் அதற்குப் பிறகுதான் ஓடவே ஆரம்பிக்கிறார்கள்!

இதற்கு 'அயர்ன்மேன்' பந்தயம் என்று பெயர். 'இரும்பு மனிதன்' என்று அர்த்தம். 1978-ம் ஆண்டு அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் முதன்முதலாக நடந்தபோது 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர்தான் முடித்தார்கள்.

நல்ல தேகக்கட்டு உள்ள வாலிபர்களே திணறும் இந்தப் பந்தயத்தை, 1989-ம் ஆண்டு 49 வயதான ஒருவர் முடித்தார். தனியாக அல்ல. கை, கால்களை இஷ்டப்படி அசைக்க முடியாத, வாய் திறந்து பேச முடியாத தன் 27 வயது மகனையும் கூடவே இழுத்துக்கொண்டு முடித்தார்.

அவர் பெயர் டிக் ஹாய்ட். மகன் பெயர் ரிக் ஹாய்ட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள்.

டிக் ஹாய்ட், பணத்துக்கு ஓடும் தொழில்முறை வீரர் அல்ல. 'ஏர் நேஷனல் கார்டு' என்ற விமானப் படைப் பிரிவில் உத்தியோகம். காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற குடும்பஸ்தர். மனைவி ஜூடி. மூன்று ஆண் பிள்ளைகள். மூத்தவன்தான் ரிக்.

டாக்டர்கள் கை விரித்தனர்

ரிக் பிறந்தது 1962-ம் ஆண்டு ஜனவரி மாதம். பிரசவத்தின்போது தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மூளைக்குப் போக வேண்டிய பிராண வாயு போகவில்லை. விளைவு, மூளை வாதம். கையும் காலும் தன் போக்கில் இழுத்துக்கொள்ளும். பேச்சு வராது.

குழந்தைக்குச் சில மாதம் ஆனபோதே டாக்டர்கள் கையை விரித்து விட்டார்கள். "இவனை மறந்து விடுங்கள். ஏதாவது விடுதியில் சேர்த்து விடுங்கள். வெறும் ஜடமாகத்தான் இருப்பான்" என்பது அவர்கள் சொன்ன யோசனை. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் அதுதான் வழக்கம்.

அப்பாவும் அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார்கள். வரும் வழியில் இருவரும் அழுதார்கள். ஆனால் விடுதிக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். மற்ற பிள்ளைகளைப்போலவே வளர்ப்பது என்று தீர்மானம்.

பையனால் பேச முடியாவிட்டாலும், அறைக்குள் நடமாடுகிறவர்களை அவன் கண்கள் பின்தொடர்ந்தன. அம்மா ஜூடி அதைக் கவனித்தார். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானிலும் அதன் பெயரை எழுதி ஒட்டினார். எழுத்து, எண் எல்லாம் தினமும் பாடம். பையன் படிக்கிறானா, இல்லையா என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

"ஒரு ஜோக் சொல்லிப் பாருங்க"

பையன் மனதில் இருப்பதை வெளியே கொண்டு வர ஒரு கருவி செய்ய முடியுமா என்று, பாஸ்டன் நகரம் அருகே உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழக என்ஜினீயர்களிடம் போய்க் கேட்டார்கள். பையனைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மூளையில் ஒன்றுமே நடக்கவில்லையே, கருவி செய்து என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி.

"அவனுக்கு ஒரு ஜோக் சொல்லிப் பாருங்க" என்றார் தகப்பனார்.

சொன்னார்கள். ரிக் விழுந்து விழுந்து சிரித்தான்! அதற்குப் பிறகு என்ஜினீயர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

சுமார் 5 ஆயிரம் டாலர் செலவாகும் என்றார்கள். குடும்பத்தார் அங்கே இங்கே நிதி திரட்டிக் கொடுத்தார்கள். 1972-ல் கருவி தயார். திரையில் எழுத்துக்கள் வரிசையாக இருக்கும். வெளிச்சம் ஒவ்வொரு எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்து வரும்போது ரிக் தலையால் பக்கத்தில் உள்ள பட்டனைத் தட்ட வேண்டும். ஒரு வாக்கியம் சொல்ல பல நிமிடங்கள் ஆகும். பொறுமை வேண்டும், பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும்.

பிள்ளை பத்து வருடம் கழித்துப் பேசப்போகும் முதல் வார்த்தை என்ன? வீடே காத்திருந்தது. 'அம்மா' என்றா, 'அப்பா' என்றா என்று பெற்றோருக்குள் போட்டி.

ரிக் தட்டியது இரண்டுமில்லை. "கோ, புரூயின்ஸ்!"

புரூயின்ஸ் என்பது பாஸ்டன் நகரத்து ஐஸ் ஹாக்கி கோஷ்டி. அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்துக்கான இறுதிக் கட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பையன் இத்தனை நாளும் மூலையில் உட்கார்ந்து விளையாட்டைத்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறான்! அந்த ஆண்டு புரூயின்ஸ் ஜெயித்தது.

அடுத்த பிரச்சினை பள்ளிக்கூடம். பேச முடியாத, நடக்க முடியாத பையனைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். இங்கே ஜூடி களத்தில் இறங்கினார். ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பள்ளியில் இடம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் போராடியவர்களில் அவரும் ஒருவர். 1972-ல் மாசசூசெட்சில் அந்தச் சட்டம் வந்தது. 1975-ல், 13-வது வயதில், ரிக் பள்ளிக்கூட வாசலை மிதித்தான். தகப்பனார் ஓடிய ஓட்டத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இந்த அம்மாளின் ஓட்டத்துக்கு மெடல் எதுவும் கிடையாது.

5 மைல் ஓட்டம்

1977-ம் ஆண்டு. ரிக்குக்கு வயது 15. ஒரு நாள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருந்தான். விபத்தில் சிக்கி உடல் செயலிழந்துபோன ஒரு விளையாட்டு வீரருக்கு நிதி திரட்ட 5 மைல் ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது என்று அங்கே அறிவித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரிக் கருவியைத் தட்டினான். அந்தப் பந்தயத்தில் தானும் கலந்துகொள்ள வேண்டும். உடம்பு செயலிழந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று அந்த வீரருக்குக் காட்ட வேண்டும். இதுதான் பையன் சொன்னது.

தகப்பனாருக்கு அப்போது வயது 36. ஓட்டக்காரர் அல்ல. சேர்ந்தாற்போல் ஒரு மைல் ஓடினாலே அதிகம். ரிக் உட்காரும் சக்கர நாற்காலியோ, பந்தயத்துக்காகச் செய்தது அல்ல. கனம் அதிகம். நேராகத் தள்ளினால் கோணலாகப் போகும். ஆனாலும் சரி என்று விட்டார்.

பார்த்தவர்கள், முதல் தெருமுனை வரை போய் இரண்டு பேரும் திரும்பி விடுவார்கள் என்றுதான் நினைத்தார்கள். திரும்பவில்லை. 5 மைலும் தள்ளிக்கொண்டே ஓடினார் டிக். கடைசிக்கு முந்தின இடம்! கடைசி அல்ல, கவனிக்கவும்.

அன்று ராத்திரி ரிக் தட்டிய வாக்கியம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம்.

"அப்பா, ஓடும்போது எனக்கு ஊனமே இல்லாத மாதிரி இருக்கு."

தகப்பனாருக்கோ உடம்பெல்லாம் வலி. இரண்டு வாரம் சரியாக நடக்க முடியவில்லை. ஊனம் யாருக்கு என்று தெரியாமல் போய்விட்டது என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

சிமெண்டு மூட்டை

அதன்பின் டிக் ஓடிப் பழக ஆரம்பித்தார். ரிக்குக்கு ஏற்ற லேசான மூன்று சக்கர வண்டி தயாரானது. ஆனால் ஒரு சிக்கல். தகப்பனாருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் மகன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். பாரம் இல்லாமல் ஓடிப் பழகி என்ன பயன்?

டிக் ஒரு சிமெண்டு மூட்டையை வாங்கினார். மகன் உட்காரும் இடத்தில் அதை வைத்தார். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் சிமெண்டு மூட்டையைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் மூட்டை இறங்கும், மகன் ஏறுவான். வளர்ந்த பிறகு ரிக்கின் எடை சுமார் 50 கிலோ.

தொடக்கத்தில் பந்தயங்களில் இவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓட்டக்காரர்கள் கிட்டே வந்து பேச மாட்டார்கள். 'நீங்கள் ஓட்டக்காரர் வகையா, சக்கர நாற்காலிக்காரர் வகையா?' என்று அதிகாரிகள் குழம்பினார்கள். எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

இதைவிட மனதைக் குத்தியது கடிதங்கள். எழுதியவர்கள் யார் தெரியுமா? ஊனமுற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள்! தன் பெருமைக்காக அந்தப் பையனை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைகிறார் என்று டிக்கைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஓட வேண்டும் என்று கேட்டது பையன்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு இழுத்துப் போனது அப்பா அல்ல, பிள்ளை. என் கையையும் காலையும் அவனுக்கு இரவல் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என்பது டிக் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்தப் பதிலை ஊர் நம்புவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

வயது யாருடையது?

பாஸ்டன் மாரத்தான் உலகப் புகழ் பெற்ற பந்தயம். 1897-ம் ஆண்டு முதல் நடக்கிறது. தூரம் 42 கிலோ மீட்டர். 1981-ல் அப்பாவும் மகனும் அதில் ஓட விண்ணப்பித்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

டிக் விடவில்லை. பதிவு எண் இல்லாமலே கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார். மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, எண் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை முந்தினார்கள்.

முறைப்படி சேர வேண்டுமானால் தகுதி நேரத்துக்குள் வேறொரு மாரத்தானை ஓடிக் காட்ட வேண்டும் என்றார்கள். சரி, எந்த வயதுக்கான நேரம்? டிக்குக்கு வயது 42. அந்த வயதுக்காரர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் அதிகாரிகள் போட்டார்கள் ஒரு போடு. மகனின் வயதைத்தான் கணக்கில் எடுப்போம்! ரிக்குக்கு வயது 20. ஆக, இருபது வயது வாலிபன் ஓட வேண்டிய வேகத்தில் நாற்பது வயதுக்காரர் இன்னொருவரையும் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். 2 மணி 50 நிமிடத்துக்குள்!

1982-ம் ஆண்டு தலைநகர் வாஷிங்டனில் நடந்த மாரத்தானில் ஓடினார்கள். 2 மணி 45 நிமிடத்தில் முடித்தார்கள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் பாஸ்டனில் பதிவு எண் கிடைத்தது.

10 ஆண்டு கழித்து இவர்கள் ஓடிய மிக வேகமான மாரத்தான் நேரம் 2 மணி 40 நிமிடம் 47 விநாடி. அப்போதைய உலக சாதனையைவிட 34 நிமிடம்தான் கூடுதல். உலக சாதனை செய்தவர் வண்டி எதையும் தள்ளிக்கொண்டு ஓடவில்லை!

கல்லாட்டம் மூழ்கினார்

ஓட்டத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும்.

பாஸ்டனில் பந்தயங்கள் நடத்தும் டேவ் மெக்கிலிவ்ரே என்பவர் டிக்கிடம் வந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த முப்பந்தயத்தில் நீங்கள் கலந்துகொள்ளலாமே என்றார். ரிக்கோடு சேர்ந்து என்றால் வருகிறேன் என்றார் டிக். வந்தவர் பேசாமல் போய்விட்டார். மறு ஆண்டு திரும்பவும் வந்து கேட்டார். திரும்பவும் அதே பதில். சரி, அதற்கு வேண்டிய சாதனங்களைச் செய்துகொள்ளுங்கள் என்றார்.

சாதனம் இருக்கட்டும். டிக்குக்கு நீச்சலே தெரியாது! சைக்கிள் ஏறியது சின்னப் பையனாக இருந்தபோது!

ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்கினார். முதல் நாள் தண்ணீரில் குதித்தவர் கல்லாட்டம் மூழ்கினார். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஏரியில் இறங்கினார். இன்றைக்கு நாலு கை வீச்சு, நாளைக்கு எட்டு என்று கொஞ்சம் கொஞ்சமாக நீந்தக் கற்றுக்கொண்டார். அப்போது வயது 44.

இனி, மகனை எப்படிக் கொண்டுபோவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்.

நீச்சலுக்கு ஒரு சிறிய ரப்பர் படகு. அதில் ரிக் சாய்ந்து படுத்துக்கொள்வார். படகிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறு முனை டிக் போட்டிருக்கும் மார்புக் கச்சையில் மாட்டப்பட்டிருக்கும். அப்பா நீந்தினால் படகு பின்னாலேயே வரும். அலை அடித்தால் படகு பின்னுக்கு இழுக்கும். அப்போது கயிறு மார்பை அறுக்கும்.

சைக்கிளுக்கு முன்பக்கம் தனி இருக்கை. காற்றை முதலில் வாங்குவது ரிக்தான். மேட்டில் ஏறும்போது சைக்கிள், இருக்கை, மகன் அத்தனை பாரமும் டிக்கின் தொடையில். ஓட்டத்துக்கு மூன்று சக்கர வண்டி.

நீச்சல் முடிந்ததும் மற்றவர்கள் ஓடிப்போய் சைக்கிளை எடுப்பார்கள். டிக் படகுக்குப் போய் மகனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு கரை ஏறுவார். துடைத்து, உடை மாற்றி, இருக்கையில் வைத்து வார் கட்ட வேண்டும். வழியில் மகனுக்குத் தண்ணீர், ஆகாரம் அவர்தான் ஊட்ட வேண்டும். இதற்கெல்லாம் தனி நேரம் எதுவும் தர மாட்டார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

1985-ம் ஆண்டு தந்தையர் தினத்தன்று முதல் முப்பந்தயம். கடைசிக்கு முந்தின இடம். பழைய ராசியான இடம்தான்!

ஹவாய் கடலில்

3 ஆண்டு கழித்து, 1988-ல், ஹவாய் அயர்ன்மேன் பந்தயத்துக்குப் போனார்கள். நடுக்கடலில் டிக்குக்கு வயிற்றைப் புரட்டியது. நீச்சலுக்கு என்று தனியாக ஒரு கெடு உண்டு. அதற்குள் கரை சேர முடியவில்லை. வெளியேற்றி விட்டார்கள். ஊனமுற்ற மகனோடு வந்திருக்கிறாரே என்று யாரும் இரக்கம் காட்டவில்லை. அப்படிக் காட்டுவதை அவர்களும் விரும்பவில்லை.

மறு ஆண்டே திரும்பிப் போனார்கள். ஹவாயில் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கறுப்புப் பாறை வெளி. நிழல் கிடையாது. தார் ரோடு கொதிக்கும். பக்கவாட்டுக் காற்று சைக்கிளையே தள்ளும். அந்த ரோட்டில் மகனை முன்னால் வைத்து 180 கிலோ மீட்டர் மிதித்தார். பிறகு 42 கிலோ மீட்டர் தள்ளிக்கொண்டு ஓடினார். 14 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கெடுவுக்கு இன்னும் நேரம் மிச்சம் இருந்தது!

எல்லா தடவையும் இப்படி நல்லபடி முடியவில்லை. 2003-ம் ஆண்டு அதே ஹவாயில் சைக்கிள் கவிழ்ந்து, இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டிக்குக்கு அப்போது வயது 63.

தனியாக ஓடினால் இன்னும் நல்ல நேரம் எடுக்கலாமே என்று அவரிடம் பலர் கேட்டதுண்டு. தனியாக ஓட வேண்டும் என்ற ஆசையே எனக்கு இல்லை என்று மறுத்து விட்டார்.

வீட்டு நிலவரம்

வேலை, பயிற்சி, வாரக் கடைசியில் ஏதாவது ஓர் ஊரில் பந்தயம். வருடத்தில் எத்தனையோ வாரங்கள் இப்படியே போயின. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது எப்படி இருந்திருக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படகு, சைக்கிள், பயணம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள்.

1961-ல் கல்யாணம் செய்துகொண்ட டிக்கும் ஜூடியும் 30 ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, 1990-களில் விவாகரத்து செய்துகொண்டார்கள். மகனைப் பள்ளியில் சேர்த்த கை ஒன்று, பந்தயத்தில் சேர்த்த கை ஒன்று. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. மேடைகளில் இவர்களைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைச் சொல்வதில்லை. ஆனால் இதுவும் கதையில் சேர்ந்ததுதான்.

ரிக் என்ன ஆனார்? அப்பாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவியாளர்களை வைத்துக்கொண்டு விடுதியில் தங்கிப் படித்தார். தலையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி, 1993-ல் பட்டம் வாங்கினார். ஊனமுற்றோருக்கான சிறப்புக் கல்வி அவர் படித்த பாடம்.

பிறகு பாஸ்டன் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கண் அசைவாலேயே கம்ப்யூட்டரை இயக்கும் கருவியை உருவாக்க உதவினார். தனி வீட்டில், உதவியாளர்களோடு குடியிருந்தார். வாரக் கடைசியில் பந்தயத்துக்கு அப்பாவோடு சேர்ந்துகொள்வார். விடுதியில் போட்டுவிட்டு மறந்துவிடச் சொன்ன பிள்ளை இது!

45 நாள்

1992-ல் இன்னொரு வேலை செய்தார்கள். அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்குவரை குறுக்கே கடந்தார்கள். சைக்கிளிலும் ஓட்டமாகவும் 3 ஆயிரத்து 735 மைல். ஏறக்குறைய 6 ஆயிரம் கிலோ மீட்டர். 45 நாள், ஒரு நாள் கூட ஓய்வு எடுக்கவில்லை.

டிக் 37 ஆண்டு உத்தியோகம் பார்த்து, லெப்டினன்ட் கர்னலாக 1995-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு உத்தியோகத்துக்குத்தான். பந்தயத்துக்கு அல்ல.

அறுபதைத் தாண்டிய வயதில் இன்னொரு சங்கதி நடந்தது. ஒரு பந்தயத்தின்போது டிக்குக்கு லேசான மாரடைப்பு. சோதித்துப் பார்த்தால், இதய ரத்தக் குழாய் ஒன்றில் 95 சதவீதம் அடைப்பு. இத்தனை வருடம் ஓடி உடம்பைக் கட்டாக வைத்திருக்காவிட்டால், 15 ஆண்டுகளுக்கு முன்பே போயிருப்பீர்கள் என்றார்கள் டாக்டர்கள்.

ஓடச் சொன்னது யார்? ரிக். அப்பா மகனுக்கு இரவல் கொடுத்தார் கையையும் காலையும். மகன் திருப்பிக் கொடுத்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பதினைந்து வருட ஆயுள்!

அப்பாவுக்கு ஒன்று கொடுக்க முடிந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று ரிக்கிடம் ஒரு தடவை கேட்டார்கள். அவர் தட்டிய பதில்: ஒரே ஒரு முறை அப்பா நாற்காலியில் உட்கார வேண்டும், நான் தள்ள வேண்டும்.

குண்டு வெடித்த ஆண்டு

2009-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான், அப்பாவும் மகனும் சேர்ந்து ஓடிய ஆயிரமாவது பந்தயம். கடைசிக் கணக்குப்படி இருவரும் கலந்துகொண்ட பந்தயங்கள் 1,100-க்கும் மேல். அதில் முப்பந்தயம் மட்டும் 250-க்கும் மேல். அயர்ன்மேன் தூரம் 6 தடவை.

2013-ல் பாஸ்டன் மாரத்தான் தொடங்கும் ஹாப்கிண்டன் ஊரில் இருவருக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள். வண்டியில் மகன், பின்னால் அப்பா. அதே மாதம் நடந்த பந்தயத்தில், முடியும் இடத்தில் குண்டு வெடித்தது. டிக்கும் ரிக்கும் அந்த நேரத்தில் ஒரு மைல் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். போலீசார் தடுத்து நிறுத்தினார்கள். தப்பினார்கள்.

அதுதான் கடைசி என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். குண்டு போட்டவர்களுக்காகப் பாதியில் நிறுத்துவதா? 2014-ல் திரும்பி வந்து முழுத் தூரத்தையும் முடித்தார்கள். டிக்குக்கு வயது 73. முதுகு ஒத்துழைக்கவில்லை. இடையில் நடந்தார். ஆனால் வண்டியை விடவில்லை.

அதற்குப் பிறகும் ரிக் சில ஆண்டுகள் பாஸ்டனுக்கு வந்தார். பல் டாக்டரான ஒரு நண்பர் தள்ளினார். ஓட ஆசை இன்னும் தீரவில்லை போலும்.

2021 மார்ச் 17-ந் தேதி, டிக் ஹாய்ட் தன் வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 80. 2023 மே 22-ந் தேதி ரிக் மூச்சுக் கோளாறால் இறந்தார். வயது 61. சின்ன வயதிலேயே ஜடம் என்று தீர்ப்பு எழுதப்பட்டவர் 61 வயது வரை வாழ்ந்தார்.

அவர்கள் ஏற்படுத்திய 'டீம் ஹாய்ட்' அமைப்பின் பெயரில் இப்போது அமெரிக்காவின் பல ஊர்களில், நடக்க முடியாத பிள்ளைகளை உட்கார வைத்துப் பெற்றோரும் நண்பர்களும் பந்தயங்களில் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். 1981-ல் பதிவு எண் தர மறுத்த பாஸ்டன் மாரத்தானிலும் தள்ளுகிறவர் ஒருவர், உட்காருகிறவர் ஒருவர் என்று இருவராகச் சேர்ந்து ஓடுகிறவர்களுக்கு இன்று தனி இடம் உண்டு.